‘சான்ஸ்’ என்னும் சொல்

ஆங்கிலம் கல்லாதாரும் தயக்கமின்றி எடுத்தாளும் ஆங்கிலச் சொற்கள் சில உள. அவற்றுள் ஒன்று ‘சான்ஸ்’. உத்தியோகத்துக்கு விண்ணப்பித்த இளைஞனிடம், “சான்ஸ் இருக்கிறதா?” என்று அயலார் வினவுகின்றனர். எதிர்பாராது கண்ட நண்பனைச் ‘சான்ஸாகச் சந்தித்தேன்’ என்கின்றார் ஒருவர். இவ்வளவு எளிதாக வாயில் வரும் இச்சொல்லைத் தமிழில் பெயர்க்கப் புகுவோனுக்கே அதன் தொல்லை புலனாகும். தற்செயல் என்பது அதன் ஒரு பொருள். வாய்ப்பு என்பது மற்றொன்று. மழை பெய்யும் ‘சான்ஸ்’ எவ்வளவு என்று வானிலை அறிவிப்பாளர் கூறுமிடத்து அது நிகழ்தகவைக் குறிக்கின்றது. ‘சான்ஸ் எடுக்க வேண்டாம்’ என்று வைத்தியர் எச்சரிக்குமிடத்தோ அது இடரைக் குறிக்கின்றது. அவ்வெச்சரிக்கையை ‘வாய்ப்பை ஏற்க வேண்டாம்’ என்று மொழிபெயர்த்து நோயாளியின் உறவினரிடம் கொடுப்பின், அவர்கள் நேர்மாறான கருத்தைக் கொள்ளவுங்கூடும். ஒரே சொல் நன்மைக்கும் தீமைக்கும், அறியாமைக்கும் கணக்குக்கும் பெயராயிற்று. அஃது எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிய அச்சொல் நடந்து வந்த வழியே பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

இலத்தீன் மொழியில் ‘காடெரே’ என்னும் வினைச்சொல்லுக்கு விழுதல் என்பது பொருள். வானிலிருந்து வீழ்வது போல மனிதன் மேல் வந்து விழும் நிகழ்ச்சி யாதாயினும் அது இவ்வேரிலிருந்து பெயர் பெற்றது. விபத்தைக் குறிக்கும் ‘ஆக்சிடென்ட்’ என்பதும், நீதிமன்றத்திலும் வைத்தியசாலையிலும் வழங்கும் ‘கேஸ்’ என்பதும், முன்னறிவித்தலின்றி நேரும் தேவைக்காக உத்தியோகத்தர் எடுக்கும் ‘கசுவல்’ லீவும் இக்குடும்பத்தைச் சேர்ந்தனவே. பழைய பிரெஞ்சு மொழியில் திரிந்து வழங்கிய இதன் வடிவம் ஒன்று, 1066ஆம் ஆண்டில் நோர்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அங்குக் குடிபுகுந்தது. 1300ஆம் ஆண்டளவில் அது ஆங்கில நூல்களிற் காணப்படுகின்றது. அக்காலத்து ‘சான்ஸ்’ என்பதற்கு நேர்ந்தது என்பதே பொருள். நேர்ந்தது பெரும்பாலும் கேடாகவே இருந்தது போலும். மனிதன் அதை எடுப்பதுமில்லை, கொடுப்பதுமில்லை. அது அவன்மேல் விழுந்தது. அவ்வளவே.

மனிதன் மேல் விழுந்த இச்சொல்லை மனிதனுடைய கைக்குள் கொண்டுவந்தது சூதாட்டம். ‘ஹசாட்’ என்னும் கவறாட்டம் ஆங்கிலேயரிடையே பல நூற்றாண்டு காலம் வழங்கியது. 14ஆம் நூற்றாண்டுப் புலவரான சோசர் அதனைப் பழித்துப் பாடியிருக்கின்றார். இரண்டு கவறுகளைக் கொண்டு ஆடப்படும் இவ்வாட்டத்தில், உருட்டுவோன் ஐந்து முதல் ஒன்பது வரையுள்ள எண்களில் ஒன்றை முதலில் அறிவிப்பான். அதற்கு ‘மெயின்’ என்று பெயர். அவன் உருட்டிய முதற் கை வெற்றியாகவுமின்றித் தோல்வியாகவுமின்றி வேறோர் எண்ணாக விழுந்தால், அவ்வெண் அவனுடைய ‘சான்ஸ்’ ஆகிவிடும். பின்னர் அந்த எண் மீண்டும் விழுமாயின் வெற்றி. மெயின் முந்திக்கொண்டு விழுமாயின் தோல்வி. எனவே ‘சான்ஸ்’ என்பது இங்கே குருட்டு விதியன்று. இன்னவனுக்கு உரியது, இன்ன எண் எனச் சுட்டிக் காட்டத்தக்கதொரு பொருள். தன்னலத்தில் கண்ணாயிருப்பவனை ‘மெயின் சான்ஸில் கண்ணுடையவன்’ என்று ஆங்கிலேயர் கூறும் மரபும் இவ்வாட்டத்தின் வழி வந்ததே.

இவ்விடத்தில் ஒரு வேடிக்கையையும் குறிப்பிடல் தகும். ‘ஹசாட்’ என்ற சொல்லும் பிரெஞ்சிலிருந்து வந்ததே. அதன் மூலம் கவறைக் குறிக்கும் அரபுச் சொல்லாகலாம் என்று சொல்லாராய்ச்சியாளர் பலர் கருதுவர். ஆங்கிலத்தில் அது இன்று ஆபத்து என்னும் பொருளிலேயே வழங்குகின்றது. பிரெஞ்சிலோ ‘அசார்’ என ஒலிக்கப்படும் அதே சொல் தற்செயலைக் குறிக்கின்றது. பிரெஞ்சுக்காரன் ‘சான்ஸ்’ என்று கூறுவதோ நற்பேற்றை. கடலின் இரு கரையிலும் ஒரே இரு சொற்கள். ஆயின் பொருள்கள் இடம் மாறி நிற்கின்றன. இவற்றை ஒலியொப்புமை கொண்டு பெயர்த்தவர்கள் அடைந்த இடர்ப்பாடுகள் பல.

கவறாட்டம் கணித நூலாக மாறியது 1654ஆம் ஆண்டில் எனலாம். பிரான்சு தேசத்தில் செவலியே த மேரே என்னும் பெருமகன், ஆட்டம் இடையில் நின்றுபோனால் பந்தயப் பணத்தை எவ்வாறு பங்கிடுவது என்னும் வினாவைப் பிளேஸ் பஸ்கலிடம் எழுப்பினார். பஸ்கல் அதுபற்றித் துலூசு நகரில் நீதித்துறை அலுவலராயிருந்த பியர் த பெர்மாவுக்குக் கடிதம் எழுதினார். அவர் காட்டிய உதாரணம் மிக எளியது. இருவர் ஆளுக்கு 32 பொற்காசு பந்தயம் வைத்து, முதலில் மூன்று ஆட்டம் வெல்பவனுக்கே முழுவதும் என்று ஆடுகின்றனர். ஒருவன் இரண்டு வென்றிருக்கின்றான்; மற்றவன் ஒன்று. அந்நிலையில் ஆட்டம் நின்றுவிடுகின்றது. அடுத்த ஆட்டத்தில் முன்னவன் வென்றிருந்தால் 64 காசும் அவனுக்கே. தோற்றிருந்தால் இருவரும் சமம். அப்போதும் அவனுக்கு 32 உண்டு. ஆகவே 32 காசு எவ்வாறாயினும் அவனுடையது. எஞ்சிய 32 காசுக்கு இருவருக்கும் ஒத்த உரிமை; அதில் 16 அவனுக்கு. மொத்தம் 48. நடவாத ஆட்டத்தின் பயனை நீதி தவறாமற் பங்கிட்டு விட்டார் பஸ்கல்! நாளை நடக்கலாம் என்பதற்கும் இன்றே விலை உண்டு என்னும் கருத்து இங்கே தெளிவு பெற்றது. இது சூதாடிகளுக்கு மட்டும் பயன்பட்ட கருத்தன்று என்பது பின்னர் விளங்கும்.

கவறுக்கும் கணக்குக்கும் உள்ள உறவை இந்திய மரபு இதற்கு நெடுங்காலம் முன்பே உணர்ந்திருந்தது. மகாபாரதத்து நளன் கதையில், இருதுபன்னன் என்னும் அரசன் தேரிற் செல்லும்போதே வழியில் நின்ற தான்றி மரத்தின் இலைகளையும் கனிகளையும் கணித்துத் தொகை கூறுகின்றான். நளன் மரத்தை வெட்டி எண்ணிச் சரியெனக் கண்டு, தான் அறிந்த குதிரை நூலைக் கொடுத்து அவன் அறிந்த கவறு நூலைப் பெற்றுக்கொள்ளுகின்றான். தான்றிக்காயே பழங்காலத்திற் கவறாகப் பயன்பட்டது என்பதையும் நினைவுகூர்தல் நன்று. எனினும் கதையில் வந்த அக்கலை ஒரு கணித நூலாக எழுதப்பெற்று நமக்குக் கிட்டவில்லை.

‘சான்ஸ்’ என்னும் சொல்லையே நூலின் பெயராக்கி அதற்குப் பெருமை தேடிக் கொடுத்தவர் ஆங்கிலேயரல்லர் என்பது விந்தை. ஏபிரகாம் த மொய்வர் என்பவர் 1667ஆம் ஆண்டில் பிரான்சிற் பிறந்த புரொட்டஸ்தாந்தர். 1685ஆம் ஆண்டில் பதினான்காம் லூயி மன்னன் அம்மதத்தாருக்கு இருந்த பாதுகாப்பை நீக்கியபின், அவர் சிறைப்பட்டு, சில ஆண்டுகளில் இலண்டனை வந்தடைந்தார். அங்கே அவருக்கு வாய்த்த தொழில் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பித்தலே. நியூற்றனின் பெருநூலை வாங்கி, அதன் தாள்களைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒரு மாணவன் வீட்டுக்கும் அடுத்த மாணவன் வீட்டுக்கும் இடையே நடக்கும்போது படித்து முடித்தார் என்பர். 1697ஆம் ஆண்டில் அரச சங்கம் அவரை உறுப்பினராக்கியது. 1718ஆம் ஆண்டில் ‘சான்ஸ்களின் கோட்பாடு’ என்னும் நூலை வெளியிட்டு அதை நியூற்றனுக்கே உரிமையாக்கினார். அந்நூலில் ‘சான்ஸ்’ என்பது பன்மையாகவும் எண்ணத்தக்கதாகவும் நிற்கின்றது. கவற்றின் ஆறு முகங்களும் ஆறு ‘சான்ஸ்கள்’. வேண்டிய முகம் ஒன்றாயின் ஆறில் ஒன்று. வானிலிருந்து விழுந்த சொல் பின்னமாகிவிட்டது.

த மொய்வர் சமயப் பற்றுடையவர். உலகம் தற்செயலால் நடக்கின்றது என்பாரை அவர் பொறுக்கவில்லை. எதையும் செய்விக்கும் ஆற்றல் ‘சான்ஸ்’ என்பதற்கு இல்லை, அவ்வாறு கூறுவோர் வாயில் அது வெற்றொலி என்னும் கருத்தைப் பின்னைய பதிப்பில் வலியுறுத்தினார். நாணயத்தைப் பன்முறை சுண்டினால் ஒழுங்கின்மை குறைந்து விகிதம் நிலைபெறுவதே படைத்தோனின் ஒழுங்குக்குச் சான்று என்பது அவர் துணிபு. இம்முடிபை ஏற்பார் ஏற்கலாம், மறுப்பார் மறுக்கலாம். ஆயின் சொல்லிலிருந்து தெய்வத்தை நீக்கி எண்ணை வைத்தவர் ஒரு பக்தர் என்பது மறக்கற்பாலதன்று.

இத்தகைய பேரறிஞருக்குப் பல்கலைக்கழகம் எதுவும் பேராசிரியர் பதவி அளிக்கவில்லை. அந்நியர் என்பது பெருந்தடையாயிற்று. இலண்டனில் சுலோட்டர் என்பாரின் கோப்பிக் கடையில் அமர்ந்து, சூதாடுவோருக்கும் ஆண்டுத்தொகை வாங்குவோருக்கும் கணக்குச் சொல்லிக் கூலி பெற்றார். பிறருடைய ‘சான்ஸ்களை’ யெல்லாம் எண்ணிக் கொடுத்தவர், வாய்ப்பு என்னும் பொருளில் தமக்கு ஒரு ‘சான்ஸ்’ கிட்டாமலே 1754ஆம் ஆண்டில் மறைந்தார்.

அவருடைய கணக்கின் பயன் விரைவில் வெளிப்பட்டது. ஜேம்ஸ் டொட்சன் என்னும் கணித ஆசிரியர், வயது கடந்துவிட்டதெனக் கூறி ஆயுட் காப்புறுதிச் சங்கம் ஒன்றினால் மறுக்கப்பட்டார். 45 வயதைக் கடந்தோரை அச்சங்கம் சேர்ப்பதில்லை. வயதுக்கு ஏற்ப இறப்பின் ‘சான்ஸ்’ வேறுபடுமாயின், அதற்கேற்பக் கட்டணமும் வேறுபடட்டும். ஒருவரையும் விலக்க வேண்டியதில்லை என்று அவர் கணித்துக் காட்டினார். அதைச் செயலிற் காணுமுன் 1757ஆம் ஆண்டில் அவர் இறந்தார். அவருடைய கருத்தின் மீது எழுந்த எக்குவிற்றபிள் சங்கம் 1762ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. முதியவன் இறந்தால் அவன் மனைவி மக்கள் தெருவில் நிற்கவேண்டும் என்பதைத் தலைவிதி என்று விடாது, கணக்கில் எழுதிக் காத்துக்கொள்ளும் வழி இவ்வாறு பிறந்தது. அடுத்த ஆண்டில், காலஞ்சென்ற தோமஸ் பேய்ஸ் என்னும் சமயகுருவின் கட்டுரையை அவருடைய நண்பர் ரிச்சட் பிரைஸ் அரச சங்கத்தில் வெளியிடச் செய்தார். அதிலே ‘சான்ஸ்’ என்பதும் நிகழ்தகவு என்பதும் ஒன்றே என வரையறை செய்யப்பட்டிருந்தது.

அறிஞர் வரையறுத்தாலும் மக்கள் வழக்கு அதற்குக் கட்டுப்படவில்லை. பழைய பொருள்கள் ஒன்றேனும் ஓடி ஒளியவுமில்லை. ‘கொழுத்த சான்ஸ்’ என்றாலும் ‘மெலிந்த சான்ஸ்’ என்றாலும் ஆங்கிலேயனுக்கு நடவாது என்பதே கருத்து. முன்னது ஏளனம், பின்னது மதிப்பீடு. 1960களின் நடுப்பகுதியில் அமெரிக்க வானிலை நிலையம் மழையை நூற்றுவீதத்தில் அறிவிக்கத் தொடங்கியபோது, 30 வீதச் ‘சான்ஸ்’ என்பது நாளின் 30 வீத நேரமா, நகரின் 30 வீதப் பரப்பா என்று மயங்கினோர் பலர். குறித்த ஓரிடத்தில் மழை பெய்வதற்கான நிகழ்தகவே அது. தமிழில் தற்செயல், வாய்ப்பு, நிகழ்தகவு, இடர் என்று தனித்தனிச் சொற்கள் இருப்பது பெயர்ப்பாளனுக்குச் சுமையாயினும், படிப்பவனுக்கு அஃது உதவியே. எந்தப் பொருள் என்று தெளியாமல் பெயர்ப்பாளன் பேனாவை எடுக்க இயலாதன்றோ?

ஆங்கிலேயரின் துடுப்பாட்டத்தில் இச்சொல்லின் இருமுகமும் ஒருங்கே தோன்றும். துடுப்பாளன் உயர அடித்த பந்து களத்தடுப்பாளன் கைக்கு எட்டும் வகையில் இறங்குமாயின், துடுப்பாளன் ஒரு ‘சான்ஸ்’ கொடுத்தான் என்பர். அடித்தவனுக்கு அது ஆபத்து. பிடிப்பவனுக்கு அதுவே வாய்ப்பு. பந்து நழுவி விழுந்தால், அடித்தவனுக்கு நற்பேறு. அவ்வாறான பந்து ஒன்றையேனும் கொடாமல் நூறு ஓட்டம் பெற்றவனைச் ‘சான்ஸ் இல்லாத’ ஆட்டம் ஆடினான் என்று ஆங்கில வர்ணனையாளர் போற்றுவர். அதனைத் தமிழில் வாய்ப்பில்லாத ஆட்டம் என்று பெயர்த்தால், நூறு அடித்தவன் வருந்துவான்.