எதிராளி இல்லாத இறுதிப் போட்டி

இன்று 400 மீட்டர் ஓட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தனித் தடம் உண்டு. ஒருவர் மற்றவரின் குறுக்கே வர வழியில்லை. தடம் பிரிக்காமல் ஓடினால் என்ன ஆகும் என்பதை 1908 லண்டன் ஒலிம்பிக் காட்டியது.

இறுதிப் போட்டியில் நான்கு பேர். பிரிட்டனின் விண்டம் ஹால்ஸ்வெல். அமெரிக்காவின் கார்பென்டர், ராபின்ஸ், டெய்லர். கடைசி நேர்ப்பாதையில் ஹால்ஸ்வெல் முந்தப் பார்த்தபோது, கார்பென்டர் வெளிப்பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து ஓடி அவரை ஓரத்துக்கு ஒதுக்கினார். நடுவர்கள் கூச்சலிட்டார்கள், முடிவுக்கோட்டு நாடா அறுக்கப்பட்டது. அமெரிக்க விதிகள் இப்படி மறிப்பதை அனுமதித்தன. ஆனால் போட்டி நடந்தது பிரிட்டிஷ் விதிப்படி. கார்பென்டரைத் தகுதிநீக்கம் செய்தது சரியே.

மறு ஓட்டத்துக்குத் தடங்கள் பிரிக்கப்பட்டன. ராபின்ஸும் டெய்லரும் வர மறுத்தார்கள். ஜூலை 25 அன்று ஹால்ஸ்வெல் தன்னந்தனியாக ஓடி, 50.0 விநாடியில் தங்கம் பெற்றார்.

அந்த ஆண்டோடு அவர் ஓட்டத்தை விட்டுவிட்டார். 1915 மார்ச் 31இல், முதல் உலகப்போரில், பிரான்ஸ் போர்முனையில் கொல்லப்பட்டார், வயது 32.

இதற்கிடையே, 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கின் 400 மீட்டர் இறுதிப் போட்டி தனித்தனித் தடங்களிலேயே நடந்து முடிந்திருந்தது.