கணக்குக் கேட்ட மாணவர்: நியூயார்க்கிலும் லண்டனிலும் அம்பேத்கர் படித்த பொருளாதாரம்



டிசம்பர் 6 வந்தால் அண்ணலைப் பலவிதமாக நினைக்கிறோம். அரசமைப்புச் சட்டத்தை வரைந்தவர், தீண்டாமையை எதிர்த்துப் போராடியவர், பௌத்தம் தழுவியவர். எதுவும் தவறில்லை. ஆனால் அவர் வெளிநாட்டில் என்ன படித்தார் என்று ஒரு கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் சட்டம் என்றுதான் சொல்வார்கள். நாங்கள் சமூகவியல் முதுகலை படித்த காலத்தில் எங்களுக்கும் அவ்வளவுதான் தெரியும். சாதி பற்றிய பாடத்தில் அவர் பெயர் ஒரு பத்தியில் வந்து போனது. பொருளாதாரத் துறை அடுத்த கட்டடத்தில்தான் இருந்தது. அங்கே படித்த நண்பர்களின் பாடத்திட்டத்தில் அந்த ஒரு பத்தியும் இல்லை. ரூபாயைப் பற்றி அவர் ஒரு நூல் எழுதியிருக்கிறார் என்பதையே வகுப்பறைக்கு வெளியே, ஒரு வாசிப்பு வட்டத்தில்தான் கேள்விப்பட்டோம்.

அதனால் இன்று, வெளிநாடு சென்று பொருளாதாரம் படித்த மாணவர் அம்பேத்கரைப் பற்றி மட்டும் பேசலாம் என்று நினைக்கிறோம். அவரைப் படிக்க வைத்த பணம் எப்படி வந்தது, அந்தப் படிப்பு அவருக்கு எதைக் கொடுத்தது, அதே பாதையில் இன்று ஒரு தலித் மாணவர் போக முடியுமா என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1. ஒப்பந்தம்

1912-இல் பம்பாய் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் பொருளாதாரமும் அரசியலும் படித்துப் பி.ஏ. முடித்தார். 1913 பிப்ரவரியில் அப்பா ராம்ஜி இறந்துபோனார். அந்த ஆண்டு ஜூன் மாதம் பரோடா சமஸ்தானத்துடன் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் பதினொன்றரை பவுன் வீதம் மூன்று ஆண்டுகளுக்கு உதவித்தொகை தருவார். படிப்பு முடிந்து திரும்பியதும் பத்து ஆண்டுகள் சமஸ்தானத்தில் வேலை பார்க்க வேண்டும்.

இந்த ஒப்பந்தத்தை நாம் கவனமாகப் பார்க்க வேண்டும். அந்த மன்னருக்கு நன்றி சொல்லத் தயங்க வேண்டியதில்லை. அண்ணலே பிற்காலத்தில் ஒரு நூலை அவருக்குக் காணிக்கையாக்கினார். ஆனால் ஒரு தீண்டப்படாத மாணவரின் படிப்பு ஒரு தனிமனிதரின் நல்ல மனதையும் ஒரு கெடு தேதியையும் நம்பி நின்றது என்பதும் உண்மை. கெடு முடிந்தபோது என்ன நடந்தது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

2. நியூயார்க்

1913 ஜூலையில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். அப்போது வயது 22. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அன்று பொருளாதாரம், வரலாறு, சமூகவியல் எல்லாம் அரசியல் அறிவியல் புலம் என்ற ஒரே கூரையின் கீழ் இருந்தன. ஒரு துறையில் பதிந்துகொண்ட மாணவர் அடுத்த துறையின் வகுப்பில் போய் உட்காரலாம். அவர் அதை முழுவதுமாகப் பயன்படுத்தினார். பொருளாதாரத்தில் 29 பாடங்கள், வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானுடவியலில் 4. எண்ணிக்கையே சொல்லும், அவர் முதலில் பொருளாதார மாணவர்.

அவருடைய ஆசிரியர் எட்வின் செலிக்மன், பொது நிதியில் பெயர் பெற்றவர். பொது நிதி என்றால் அரசு யாரிடம் வரி வாங்குகிறது, யாருக்காகச் செலவழிக்கிறது என்ற படிப்பு. இந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு அம்பேத்கர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கைத் திறந்தார். கம்பெனியின் நிர்வாகமும் நிதியும் என்பதுதான் 1915-இல் எம்.ஏ. பட்டத்துக்கு அவர் அளித்த ஆய்வு. அடுத்து இந்தியாவின் தேசிய வருமானம் பற்றிய ஆய்வு. அது வளர்ந்து, மாகாண நிதியின் வளர்ச்சி பற்றிய நூலாக 1925-இல் லண்டனில் வெளிவந்தது. முன்னுரை எழுதியவர் செலிக்மன்.

அந்த நூலின் கடைசிப் பகுதியை மாணவத் தோழர்கள் தேடிப் படிக்க வேண்டும். வெள்ளை அரசு எதைச் செய்யவில்லை என்று அங்கே ஒரு பட்டியல் போடுகிறார். சாதியை ஒழிக்க அது முன்வரவில்லை. தேயிலைத் தோட்ட முதலாளிகள் மீது வரி போடவும் துணியவில்லை. இரண்டையும் ஒரே பட்டியலில் வைக்கிறார். வரிக் கொள்கையையும் சாதியையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் கண் அன்று இந்தியப் பொருளாதார அறிஞர்களிடம் இல்லை. வெள்ளையன் கொள்ளையடித்த கணக்கை எழுத தாதாபாய் நௌரோஜி இருந்தார், ரொமேஷ் சந்திர தத் இருந்தார். சேரிக்குப் போய்ச் சேராத பணத்தின் கணக்கு அந்தப் பேரேடுகளில் இல்லை.

1916 மே 9 அன்று மானுடவியல் பேராசிரியர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகள் பற்றிய கட்டுரையைப் படித்தார். அகமணத்திலிருந்து சாதி எப்படி உருவாகிறது என்று விளக்கும் அந்தக் கட்டுரை, பொருளாதாரம் படிக்கப் போன ஒரு மாணவர் பக்கத்து வகுப்பில் எழுதியது.

அந்த ஆண்டுகளில் இன்னொன்றும் நடந்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்த காலம், தான் தீண்டப்படாதவன் என்ற நினைப்பையே தன் மனதிலிருந்து துடைத்துவிட்டது என்று பின்னாளில் எழுதினார். விடுதியில் அவருக்குக் கிடைத்த தோழர் நவல் பதேனா என்ற பார்சி இளைஞர். அந்த நட்பு கடைசிவரை நீடித்தது.

3. இடையில் நின்ற படிப்பு

1916-இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். கூடவே கிரேஸ் இன்னில் சட்டமும். ஒரே ஆண்டில் உதவித்தொகை முடிந்தது. நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து தொடரலாம் என்று அனுமதி வாங்கிக்கொண்டு 1917-இல் ஊர் திரும்பினார். போர்க்காலம். அவருடைய புத்தகங்களை ஏற்றிவந்த கப்பல் தாக்கப்பட்டுக் கடலில் மூழ்கிப்போனது.

ஒப்பந்தப்படி பரோடா போனார். தங்க இடம் கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் பெயரை மாற்றிச் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் கையில் தடியோடு ஒரு கூட்டம் வந்து வெளியேறச் சொன்னது. அடைக்கலம் கேட்டுப் போன இந்து நண்பரும் கிறித்தவ நண்பரும் கைவிரித்தார்கள். ரயில் வரும்வரை பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு பம்பாய் திரும்பினார். கொலம்பியாவில் பெற்ற படிப்பால் பரோடாவில் வாடகைக்கு ஓர் அறைகூட வாங்க முடியவில்லை. நியூயார்க்கில் உயிர்த்தோழர் ஒரு பார்சி, பரோடாவில் தடியெடுத்தவர்களும் பார்சிகள். ஆட்களின் மதத்தைவிட, அவர்கள் நிற்கும் மண்ணில் சாதி எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்பதுதான் இங்கே நமக்குப் பாடம்.

1918-இல் பம்பாய் சிடனம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியரானார். பேராசிரியர்களுக்கான பானையில் அவர் தண்ணீர் எடுப்பதைச் சக ஆசிரியர்கள் சிலர் எதிர்த்தார்கள். அதே ஆண்டு சிறு நிலவுடைமை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். துண்டு நிலங்களை ஒன்றுசேர்த்தால் விவசாயம் உருப்படும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. நிலத்தின் அளவில் நோய் இல்லை, போதிய மூலதனம் இல்லாத நிலத்தை அளவுக்கு மீறிய மக்கள் நம்பிக் கிடப்பதுதான் நோய், தொழில் வளர்ந்தால்தான் தீரும் என்றார் அவர். ஊரைவிட்டு வெளியேறுவதில் நமக்கு ஒரு விடுதலை இருக்கிறது என்று பிற்காலத்தில் அவர் சொன்னதற்கு இங்கேயே ஒரு வேர் தெரிகிறது.

சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் சாகு மகராஜ் உதவினார். பதேனா கடன் கொடுத்தார். 1920-இல் மறுபடி லண்டன் போனார். பம்பாயில் ரமாபாய் வறுமையோடு குடும்பத்தைத் தாங்கினார். அந்தப் பட்டங்களுக்கு அவர் கொடுத்த விலை எந்தச் சான்றிதழிலும் எழுதப்படவில்லை. பாகிஸ்தான் குறித்த நூலை ரமாபாயின் நினைவுக்கு அண்ணல் காணிக்கையாக்கியதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்வோம்.

4. ரூபாயின் பிரச்சினை

1921-இல் எம்.எஸ்சி. அடுத்து டி.எஸ்சி. பட்டத்துக்கான ஆய்வு, ரூபாயின் தோற்றமும் தீர்வும் பற்றியது. அதன் சாரம் கடினமானதல்ல. தங்கத்தோடு மறைமுகமாகக் கட்டப்பட்ட நாணய முறையை அன்று கெயின்ஸ் போன்ற அறிஞர் ஆதரித்தார். அந்த முறையில் ரூபாயை எவ்வளவு வெளியிடுவது என்பது ஆட்சியாளர் கையில் இருக்கும். கூடுதலாக வெளியிட்டால் விலை ஏறும் என்றார் அம்பேத்கர். ரூபாய் மதிப்பு இறங்கினால் ஏற்றுமதி வியாபாரிக்கு லாபம் என்கிறார்களே, அந்த லாபம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். விலை ஏறும் வேகத்தில் கூலி ஏறுவதில்லை. ஆகவே அது கூலிக்காரரின் தட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்று காட்டினார்.

தேர்வாளர்கள் திருத்தித் தரச் சொன்னார்கள். கையில் பணமில்லாமல் பம்பாய் திரும்பி, அங்கிருந்தே திருத்தி அனுப்பினார். 1923-இல் பட்டம் கிடைத்தது. நூலுக்கு முன்னுரை எழுதிய பேராசிரியர் எட்வின் கேனன், தனக்குப் பல இடங்களில் உடன்பாடில்லை என்று சொல்லிவிட்டுத்தான் அதன் புத்துணர்ச்சியைப் பாராட்டினார். 1925-இல் இந்திய நாணயம் பற்றிய ஹில்டன் யங் ஆணையத்தின் முன் அம்பேத்கர் சாட்சியம் அளித்தார்.

இந்தப் படிப்பு அதோடு முடிந்துவிடவில்லை. சாதி என்பது வேலைப் பங்கீடுதானே என்றவர்களுக்கு 1936-இல் அவர் சொன்ன பதிலைப் பாருங்கள். ஒரு தொழில் நசிந்தால் அந்தச் சாதிக்காரர் வேறு தொழிலுக்குப் போகச் சாதி விடாது. ஆக வேலையின்மைக்கே சாதி காரணமாகிறது என்றார். 1937-இல் கொங்கணத்து கோத்தி நிலமுறையை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். 1947-இல் விவசாய நிலமும் அடிப்படைத் தொழில்களும் அரசுடைமையாக வேண்டும் என்று எழுதினார். யாரிடமிருந்து எடுத்து யாருக்குக் கொடுக்கிறாய் என்று கொலம்பியா வகுப்பில் பழகிய கேள்வியைத்தான் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

5. இன்றைய கெடு

தனக்குக் கிடைத்த வாய்ப்பு ஒரு மன்னரின் தயவோடு முடிந்துவிடக் கூடாது என்பதில் அவர் தெளிவாக இருந்தார். வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானதும், 1942-இல் லின்லித்கோவிடம் பட்டியல் சாதியினரின் குறைகளை எழுதிக் கொடுத்தார். கல்விக்கு அரசுப் பணம் கேட்டார். மாணவர்களை வெளிநாடு அனுப்பிப் படிக்க வைக்க வேண்டும் என்றார். தயவாக இருந்தது உரிமையாக மாறத் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை வந்தது.

அந்தத் திட்டத்தின் விதி 2022-இல் திருத்தப்பட்டது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இனி உதவித்தொகை கிடையாது. இவற்றை உள்நாட்டிலேயே படிக்கலாமே என்பது சொல்லப்படும் காரணம்.

தோழர்களே, அந்த விதியை 1913-க்குக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். கம்பெனியின் நிதி பற்றிய ஆய்வு இந்திய வரலாறு: தள்ளுபடி. சாதிகள் பற்றிய கட்டுரை இந்தியச் சமூகம்: தள்ளுபடி. சேரியிலிருந்து போகும் பிள்ளை வெளிநாட்டில் கணினியோ மருத்துவமோ படிக்கலாம். தன்னைச் சேரியில் வைத்தது எது என்று மட்டும் அங்கே ஆராயக் கூடாது. உள்நாட்டிலேயே படிக்கலாம் என்கிறவர்கள், உள்நாட்டு வகுப்பறைகளில் அந்த ஒரு பத்திக்கு மேல் அவருக்கு இடம் கொடுத்திருக்கிறார்களா என்று நாம் கேட்க வேண்டும்.

இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களிடம் நாங்கள் கேட்டுக்கொள்வது இரண்டு. ஒன்று, பொருளாதாரத்துக்குப் பயப்படாதீர்கள். உங்கள் ஊராட்சியின் வரவு செலவு, மாநில பட்ஜெட்டில் பட்டியல் சாதியினருக்கான ஒதுக்கீடு, அதில் செலவாகாமல் திரும்பிப்போன தொகை, இவை எல்லாம் பொருளாதாரம்தான். எடுத்துப் படியுங்கள், கணக்குக் கேளுங்கள். இரண்டாவது, அந்த விதியை நீக்கும்வரை ஒவ்வொரு மேடையிலும் அதைப் பேசுங்கள். எதைப் படிப்பது என்பதை நம் பிள்ளைகள் தீர்மானிக்கட்டும்.

ஜெய்பீம்.