பின்பக்கத்தில் ஒரு பெயர்



போன வருடம் நம் அறுப்பின் பண்டிகை விற்பனையில், நாம் எல்லாரும் அறிந்த வீட்டுப் பிள்ளைகளின் சின்னப் படங்கள் அரை மணி நேரத்தில் விற்றுப்போயின. புதிதாக வந்த குடும்பத்துத் தம்பி ஒருவன் தன் மூன்று படங்களையும் திரும்ப எடுத்துக்கொண்டு போனான். படங்களுக்குக் கீழே பெயர் எழுதியிருந்தது. அதைப் பார்த்தபோது, நர்சிங் படித்த காலத்தில் நான் தெரிந்துகொண்ட ஒரு நியூயார்க் விற்பனை நினைவுக்கு வந்தது.

பின்னாளில் எய்ட்ஸ் என்று பெயர் பெற்ற நோயைப் பற்றிய முதல் அறிக்கை 1981 ஜூனில் அமெரிக்காவில் வெளிவந்தது. தொட்டால் ஒட்டாது என்று தெரிந்த பிறகும், சாப்பாட்டுத் தட்டை அறை வாசலிலேயே வைத்துவிட்டுப் போன மருத்துவமனை ஊழியர்கள் இருந்தார்கள். என் தொழிலின் வரலாற்றில் எனக்கு வெட்கம் தந்த பக்கம் அது. (1983-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் 5பி வார்டைத் தொடங்கி, நோயாளிகளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நர்சுகளும் உண்டு. அதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை.) நோய் வெளியே தெரிந்தால் வேலை போகும், வாடகை வீடு போகும். ஆகவே பலர் மறைத்தே வாழ்ந்தார்கள்.

நியூயார்க்கில் ஓவியர்கள் பலர் இப்படி இறந்தார்கள். 1988-இல் அங்கே விஷுவல் எய்ட்ஸ் என்ற அமைப்பு தொடங்கியது. டிசம்பர் 1-ஆம் தேதி நாம் சட்டையில் குத்திக்கொள்ளும் சிவப்பு ரிப்பன், 1991-இல் அதன் கலைஞர்கள் உருவாக்கியதுதான். எச்ஐவி உள்ள ஓவியர்களின் படைப்புகள் அவர்களோடு மறைந்துவிடாதபடி ஆவணப்படுத்தும் வேலையை 1994-இல் ஆரம்பித்தார்கள். அதற்குப் பணம் வேண்டுமே!

1998-இல் ‘போஸ்ட்கார்ட்ஸ் ஃப்ரம் தி எட்ஜ்’ விற்பனை பிறந்தது. ஒவ்வொரு படமும் 4க்கு 6 அங்குலம். அச்சடித்த நகல் அல்ல, அசல். பெரிய ஓவியத்தைத் தானமாகக் கேட்டால் ஓவியருக்குப் பாரம். அமெரிக்க வரிச் சட்டப்படி, தன் படத்தைத் தானே கொடுக்கும் ஓவியர் பெயின்ட், காகிதச் செலவைத்தான் கழிக்க முடியும், படத்தின் விலையை அல்ல. அஞ்சலட்டை அளவென்றால் பிரபலமானவரும் தருவார், மாணவரும் தருவார்.

எல்லாவற்றுக்கும் ஒரே விலை; சில வருடங்களில் 85 டாலர். கையெழுத்து பின்பக்கத்தில் மட்டும். காசு கொடுத்த பிறகுதான் யார் வரைந்தது என்று தெரியும். வாங்குபவருக்குக் கண்ணை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. பயந்து பெயரை மறைத்த ஒரு காலத்துக்குப் பிறகு, அதே நோயை முன்னிட்டு எல்லாரும் சந்தோஷமாகப் பெயரை மறைத்தார்கள் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது.

இந்த வருடம் பெயரைப் பின்பக்கம் எழுதலாமா என்று வாலிபர் ஐக்கியக் கமிட்டியில் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. அந்தத் தம்பி அதற்குள் ஐந்து படம் வரைந்துவிட்டான்.