பரிசோதனை 'இல்லை' என்றது, நோய் இருந்தது

1985இல் எயிட்ஸ் வைரஸுக்கான குருதிப் பரிசோதனை பாவனைக்கு வந்தது. பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் அந்த வைரஸைக் கண்டுபிடித்து அப்போது இரண்டே வருடங்கள். எச்.ஐ.வி என்ற பெயர்கூட இன்னும் வைக்கப்படவில்லை. அதே காலத்தில் போர்த்துக்கலின் லிஸ்பன் நகரில் சிகிச்சைக்கு வந்திருந்த சில மேற்கு ஆபிரிக்க நோயாளிகளுக்கு எயிட்ஸின் அறிகுறிகள் இருந்தன. ஆனால் பரிசோதனையில் ஒன்றும் தெளிவாகப் பிடிபடவில்லை.

இப்படி ஒரு நிலைமையில் நோயாளியை நம்புவதா, பரிசோதனையை நம்புவதா?

லிஸ்பன் பல்கலைக்கழகத்தில் மருந்தாக்கவியல் கற்பித்த ஒடெட் ஃபெரெய்ரா பரிசோதனையைச் சந்தேகித்தார். குருதி மாதிரிகளைத் தானே கொண்டு பாரிஸுக்கு விமானம் ஏறினார். பாஸ்டர் நிறுவனக் குழு அவற்றிலிருந்து பிரித்தெடுத்தது வேறொரு வைரஸை. 1986இல் அந்த ஆய்வு வெளியானது. இன்று அதை எச்.ஐ.வி-2 என்கிறோம். முதலாவது, எச்.ஐ.வி-1 ஆனது.

இதற்குச் சற்று முன்னரே செனகலின் டாக்கார் நகரிலிருந்தும் ஒரு தடயம் கிடைத்திருந்தது. அங்கே சுலைமான் எம்பூப் என்ற ஆய்வாளர், பாலியல் தொழிலாளர்களின் குருதி மாதிரிகளை பிரெஞ்சு, அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து சோதித்தார். அவை மனித வைரஸை விடக் குரங்குகளில் காணப்பட்ட ஒரு வைரஸுக்கே கூடுதலாக எதிர்வினை காட்டின.

சரி, நோயாளிகள் ஏன் லிஸ்பனுக்கு வந்தார்கள்? அவர்களுடைய ஊர்களான கினி-பிசாவுவும் கேப் வேர்டும் எழுபதுகளின் நடுப்பகுதி வரை போர்த்துக்கலின் காலனிகள். காலனித்துவம் போன பிறகும் அது போட்ட பாதை அப்படியே இருந்தது. எங்கட கலைப்பீடக்காரருக்கு இந்தக் கதையில் வேலை இருப்பது இந்த இடத்தில்தான்.

பரிசோதனை ஏன் தவறவிட்டது? அது வைரஸைத் தேடவில்லை. வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கும் பிறபொருளெதிரிகளைத் தேடியது. அவற்றைப் பிடிக்க வைத்திருந்ததோ எச்.ஐ.வி-1இன் புரதங்கள். இரண்டு வைரஸ்களின் உட்புறப் புரதங்கள் ஓரளவு ஒத்தவை, வெளியுறைப் புரதங்கள் நன்றாகவே வேறுபட்டவை. அதனால் சிலவேளை மங்கலான எதிர்வினை வந்தது, சிலவேளை ஒன்றுமே வரவில்லை. இன்றைய வகைப்படுத்தும் பரிசோதனை அந்த வேறுபாட்டையே பயன்படுத்துகிறது. இரு வைரஸ்களின் வெளியுறைப் புரதங்களையும் தனித்தனியாக வைத்து, குருதி எதனோடு எதிர்வினை காட்டுகிறது என்று பார்க்கிறார்கள்.

எந்த வகை என்று தெரிவது சும்மா பெயருக்காக இல்லை. எச்.ஐ.வி-1க்குக் கொடுக்கப்படும் நெவிரபின், எஃபாவிரென்ஸ் போன்ற மருந்துகள் எச்.ஐ.வி-2இல் வேலை செய்யாது. எச்.ஐ.வி-1இன் அளவைக் கணக்கிடும் பரிசோதனையில் எச்.ஐ.வி-2 தெரியாமலே போகலாம். அது மெதுவாகப் பரவி மெதுவாக முற்றும் வைரஸ்தான்; ஆனாலும் சிகிச்சை இல்லாவிட்டால் எயிட்ஸில் கொண்டுபோய் விடக்கூடியது. இருந்தும் அமெரிக்காவில் தானமாகக் கிடைக்கும் குருதியை எச்.ஐ.வி-2க்கும் சோதிப்பது 1992இல்தான் நடைமுறைக்கு வந்தது.

2008இல் எச்.ஐ.வி கண்டுபிடிப்புக்காக பாஸ்டர் நிறுவனத்தின் பிரான்சுவாஸ் பாரே-சினூசியும் லுக் மொன்தாஞ்ஞேயும் நோபல் பரிசு பெற்றார்கள். அது நியாயமானதே. ஆனால் வைரஸ் ஒன்றல்ல, இரண்டு என்று தெரியவந்த கதையை டாக்காரையும் லிஸ்பனையும் விட்டுவிட்டு எழுத முடியாது. அந்தப் பரிசோதனை பொய் சொல்லவில்லை. அதனிடம் எச்.ஐ.வி-1 பற்றி மட்டும்தான் கேட்டிருந்தார்கள். மேற்கு ஆபிரிக்க நோயாளிகளை அந்தக் கேள்வியில் ஒருவரும் சேர்த்திருக்கவில்லை.