சேர்ந்து உதைக்கும் கால்கள் பிறந்த கதை

தவளையின் பின்னங்கால்கள் இரண்டும் ஒரே சமயத்தில், ஒரே பலத்தில் உதைத்தால்தான் தாவல் நேராகப் போகும். ஒரு கால் குட்டையாகவோ நோஞ்சானாகவோ இருந்தால் உடம்பு அந்தப் பக்கமே திரும்பிவிடும். பாம்பு பின்னால் வரும்போது இந்தக் கோணல் ஒன்றே போதும்.

தவளைக் குலத்தின் மூத்தவர்களுக்கு இந்த வித்தை தெரியாது. மடகாஸ்கரின் வடக்கில் கிடைத்த ஒரு புதைபடிவத்தை 1936-இல் பிரெஞ்சு அறிஞர் ழான் பிவெத்தோ விவரித்தார். ட்ரையடோபாட்ராக்கஸ் என்பது அதற்கு இன்று வழங்கும் பெயர். வயது சுமார் 25 கோடி ஆண்டு. மண்டையைப் பார்த்தால் தவளைதான். ஆனால் இடுப்புக்கு முன்னால் 14 முள்ளெலும்புகள், பின்னால் ஒரு குட்டை வால். இன்றைய தவளைகளில் அந்த முள்ளெலும்புகள் ஒன்பதைத் தாண்டுவதில்லை. அவ்வளவு நீண்ட முதுகோடு பெரிய தாவல் சாத்தியமில்லை. 1995-இல் நீல் ஷூபினும் ஃபாரிஷ் ஜென்கின்ஸும் அறிவித்த அரிசோனாவின் ப்ரோசாலிரஸ், சுமார் 19 கோடி ஆண்டுப் பழசு. அதற்குள் இடுப்பெலும்பும் பின்னங்காலும் நீண்டு, தாவும் உடம்பு தயாராகிவிட்டது.

உடம்பு வந்ததும் ஒழுங்கும் கூடவே வந்துவிடவில்லை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். நியூசிலாந்தின் லெயோபெல்மா, வட அமெரிக்காவின் மேற்கில் வாழும் ஆஸ்கேஃபஸ் இரண்டும் பழைய கிளையைச் சேர்ந்தவை. தாவும்போது இரு கால்களையும் சேர்த்தே உதைக்கின்றன. தண்ணீரிலோ இடம், வலம் என்று மாற்றி மாற்றித்தான் உதைக்கின்றன. தரையில் இறங்குவது அதைவிட மோசம்: வயிறு தரையில் மோத, பொத்தென்று விழுகின்றன. தாவக் கற்றுக்கொண்ட பிறகுதான் இறங்கக் கற்றுக்கொண்டிருக்கிறது இந்தக் குலம். கரும்புத் தேரையைப் பாருங்கள். தரையைத் தொடும் முன்பே முன்னங்கால் தசைகள் இறுகித் தயாராகின்றன. உடம்பின் பாரத்தை இரு கைகளும் தாங்கிக்கொள்கின்றன.

தலைப்பிரட்டையிலும் இந்தக் கதை சிறிய அளவில் நடக்கிறது. வாலை இடமும் வலமும் ஆட்டி நீந்தும் அதற்கு முதலில் வெளியே தெரிவது பின்னங்கால்கள். முன்னங்கால்கள் செவுள்களை மூடும் தோலுக்குள் ஒளிந்து வளரும். பெரும்பாலான இனங்களில் தண்ணீர் வெளியேறும் துளை இடப்பக்கம் மட்டுமே உண்டு. அதனால் இடக்கைக்கு அநேகமாக வழி தயார். வலக்கை தோலைக் கிழித்துக்கொண்டு வர வேண்டும். வாசல் கோணல், வந்து சேரும் கைகளோ சரிசமம்! உள்ளே தண்டுவடமும் மாறுகிறது. ஆப்பிரிக்க நகத்தவளையில், வாலை மாற்றி மாற்றி ஆட்டிய நரம்புத் தாளத்தின் கூடவே இரு கால்களையும் சேர்த்து உதைக்கும் புதுத் தாளம் உருவாகிறது. வால் கரைந்த பின் புதியது மட்டும் மிஞ்சுகிறது.

அடுத்த மழைக்குக் குட்டையில் தலைப்பிரட்டை தென்பட்டால், கை முளைக்கும் நாளில் குனிந்து பாருங்கள். பிடித்துப் பாட்டிலில் மட்டும் அடைக்காதீர்கள்.