திதியும் ஞாயிறும்

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே சில கல் தொலைவில் உள்ள ஐயங்கார்குளம், விஜயநகர ஆட்சியின் பிற்காலத்தில் காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலில் பெருஞ்செல்வாக்குப் பெற்றிருந்த இலட்சுமிகுமார தாத்தாசாரியார் வெட்டுவித்த ஏரியாலும், அவர் எடுப்பித்த சஞ்சீவிராயர் என்னும் அனுமன் கோயிலாலும் பெயர் பெற்ற ஊராகும். அக்கோயிலுக்கு அருகே, நிலத்தடி மண்டபம் ஒன்றுக்குப் படிகள் இறங்கிச் செல்லும் கிணறு உண்டு. நடந்து இறங்கும் வாவியாதலால் அது நடவாவி எனப்படுகிறது. சித்திரைப் பௌர்ணமியன்று, கிணற்று நீரை இறைத்து மண்டபம் வெளிப்பட்டபின், காஞ்சியிலிருந்து வழியூர்களில் மண்டகப்படி கண்டு வரும் வரதர் அதில் எழுந்தருளிப் பின்னர்ப் பாலாற்றுக்குச் செல்கிறார். அந்தப் பௌர்ணமி செவ்வாயில் வந்தாலும் வெள்ளியில் வந்தாலும் விழா அந்நாளை விட்டு நகர்வதில்லை. ஊர் தன் வேலைகளை அதற்கேற்ப ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. ஊரைவிட்டு வெளியே சென்று திரும்பும் நாளைத் திதி, அதாவது நிலவின் வளர்பிறை தேய்பிறைக் கணக்கு, முடிவு செய்யும் வழக்கம் இது.

ஜெர்மன் மொழி வழங்கும் நாடுகளுக்குப் படிக்கச் செல்லும் தமிழ் மாணவர் அங்கே எதிர்கொள்வது, அந்த நாளைக் கிழமையும் சட்டமும் முடிவு செய்யும் வேறோர் ஒழுங்கை. ஜெர்மனியில் ஞாயிறும் அரசு ஏற்ற பண்டிகை நாள்களும் உழைப்பிலிருந்து ஓய்வு பெறுவதற்கும் மன உயர்வுக்கும் உரியவை என 1919ஆம் ஆண்டின் வைமார் அரசமைப்பு 139ஆம் பிரிவில் வகுத்தது. 1949இல் இயற்றப்பட்ட அடிப்படைச் சட்டம் அப்பிரிவை அப்படியே ஏற்றுக்கொண்டது. 1956இன் கடையடைப்புச் சட்டம் ஞாயிறு முழுவதும் கடைகளை மூடச் செய்ததோடு, பெரும்பாலான சனிக்கிழமைகளில் பிற்பகல் 2 மணிக்கே வணிகத்தை நிறுத்தியது. சனிக்கிழமை நேரம் 1996இல் மாலை 4 மணிக்கும் 2003இல் இரவு 8 மணிக்கும் நீண்டு, 2006இல் இவ்வதிகாரம் மாநிலங்களிடம் சென்றபோதும், இரயில் நிலையக் கடைகள் முதலிய சில விலக்குகள் தவிர, ஞாயிற்றின் அடைப்பு மாறவில்லை.

இந்த ஒழுங்குக்குள் வாழப் பழகிய தமிழரின் வரலாறு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்டது. திருவனந்தபுரத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த செண்பகராமன் முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பொறியியல் பயின்று, 1914இல் அங்கிருந்தே இந்திய விடுதலைக்கான அமைப்பொன்றைத் தொடங்கினார். 1956இல் நேரு மேற்கு ஜெர்மனி சென்றபோது கிடைத்த உதவி வாக்குறுதியின் பயனாக, 1959 ஜூலை 31 அன்று சென்னையில் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் தொடங்கப்பட்டது. அதன் ஆசிரியர்கள் பயிற்சிக்காக ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டனர். அக்காலத்தில் சிலராக இருந்த இந்திய மாணவர், பொதுக் கல்விக் கட்டணத்தை ஜெர்மானிய மாநிலங்கள் 2014க்குள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்ட பின்னர்ப் பெருகி, 2022/23 கல்வியாண்டில் 42,000ஐக் கடந்து, அதுவரை முதலிடத்தில் இருந்த சீன மாணவரை முந்தினர்.

இவர்களுடைய அன்றாட வாழ்வு சில நிறுவனங்களைச் சுற்றி அமைந்தது. மேசை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லால் மென்சா என்றழைக்கப்படும் பல்கலைக்கழக உணவுக்கூடம் வேலைநாள் மதியத்தைக் குறைந்த விலையில் கடத்த உதவியது. ஒரு வீட்டைப் பலர் அறை அறையாகப் பகிர்ந்து, சமையலறையைப் பொதுவில் வைத்துக்கொள்ளும் வேகே என்னும் முறை மாலை நேரச் சமையலுக்கு இடம் தந்தது. சனிக்கிழமை, மறுநாளுக்கும் சேர்த்து அரிசி, பருப்பு, காய்கறி வாங்கி வைக்கும் நாளாயிற்று. மறந்தவருக்கு ஞாயிற்றில் இரயில் நிலையக் கடையின் கூடுதல் விலையே மிஞ்சியது.

கடைத்தெரு மூடிக்கிடக்கும் ஞாயிற்றில், மாணவரின் சிறு வருவாய்க்கு எட்டும் பொழுதுபோக்கு பயணமே. டார்ம்ஸ்டட் நகரில் 1991இல் தொடங்கிய செமஸ்டர் டிக்கெட், பருவக் கட்டணத்தோடு சேர்த்துச் செலுத்தினால் சுற்றுவட்டாரப் பேருந்திலும் இரயிலிலும் பருவம் முழுதும் செல்ல இசைவு தரும் ஏற்பாடாகப் பிற பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது. 1995இல் அறிமுகமான வாரயிறுதிப் பயணச்சீட்டு ஐந்து பேர் சேர்ந்து 15 மார்க் செலவில் நாடெங்கும் உள்ளூர் இரயில்களில் சுற்ற வழி செய்தது. விரைவு வண்டிக்கு அது செல்லாதாகையால், பலமுறை வண்டி மாறிச் செல்லும் நீண்ட பயணங்கள் மாணவர் வழக்கமாயின. 2019இல் அது நிறுத்தப்பட்டது. 2023 மே மாதத்தில், மாதத்துக்கு 49 யூரோ கட்டணத்தில் வந்த நாடு தழுவிய பயணச்சீட்டு அவ்வழக்கத்தைத் தொடரச் செய்தது.

அப்பயணங்களின் ஓர் இலக்கு, மாணவரல்லாத தமிழர் உருவாக்கியது. இலங்கையில் தமிழருக்கு எதிராக 1983இல் நடந்த கலவரத்தின் பின் அங்கிருந்து ஏதிலிகளாக வந்தோர், வழக்கு முடியும் வரை தமக்கு ஒதுக்கப்பட்ட மாவட்ட எல்லையை இசைவின்றித் தாண்டக் கூடாது என்பது 1982ஆம் ஆண்டின் புகலிடச் சட்டத்தின் விதியாக இருந்தது. வாரயிறுதியில் அடுத்த நகருக்குச் செல்வதும் அவர்களுக்குச் சட்டமீறலாக இருந்தது. அத்தகைய சூழலில், வெஸ்ட்ஃபாலியா பகுதியின் ஹாம் நகரில், ஆறுமுகம் பாஸ்கரக் குருக்கள் 1980களின் இறுதியில் சிறு அளவில் தொடங்கிய வழிபாடு வளர்ந்து, ஊயென்ட்ராப் என்னும் தொழிற்பேட்டைப் பகுதியில் காஞ்சி காமாட்சியம்மன் கோயிலை முன்மாதிரியாகக் கொண்ட பெருங்கோயிலாயிற்று. 17 மீட்டர் உயரக் கோபுரத்தோடு எழுந்த அக்கோயிலுக்கு 2002 ஜூலையில் குடமுழுக்கு நடந்தது. கோடையின் தொடக்கத்தில் நிகழும் திருவிழாவில் பல்லாயிரவர் கூடுகின்றனர். தீர்த்தவாரிக்கு அம்மன் எழுந்தருள்வது ஆற்றுக்கன்று, சரக்குப் படகுகள் செல்லும் தாட்டெல்ன்-ஹாம் கால்வாய்க்கு.

தேர் ஓடும் நாளாக அங்கே ஞாயிறு அமைந்திருப்பதில் இரு ஒழுங்குகளும் உடன்பாடு கண்டன. விடுப்பு கிடைக்காத தொழிலாளரும், விரிவுரையை விட முடியாத மாணவரும் வடம் பிடிக்க வேண்டுமாயின், பஞ்சாங்கம் கிழமைக்கு இடம் விட வேண்டியிருந்தது. ஐயங்கார்குளத்தில் ஊர் தன்னைத் திதிக்கு ஏற்ப ஒழுங்குபடுத்திக்கொள்ள, ஹாமில் திதி ஞாயிற்றுக்கு ஏற்ப நெகிழ்ந்தது. தெய்வம் கோயிலை விட்டு நீர்நிலை சேர்வதும், மக்கள் உடன் செல்வதும் மட்டும் இரண்டிடத்தும் ஒன்றே. மாவட்ட எல்லையைத் தாண்ட உரிமையற்று வாழ்ந்த ஒரு தலைமுறை தேரோடும் வீதி ஒன்றை அமைத்து வைத்தமையால், இன்று சட்டைப்பையில் நாடு முழுதும் செல்லும் பயணச்சீட்டை வைத்திருக்கும் மாணவருக்கு ஞாயிற்றுக்கிழமையில் சென்று சேர ஓர் ஊர் இருக்கிறது.