ஆஸ்திரேலியா பயணம்: திருச்சி, ஸ்ரீரங்கம் சகோதரர்களுக்குச் சில தகவல்கள்

விடுமுறையில் ஆஸ்திரேலியா செல்லும் நம் பகுதிக் குடும்பங்களுக்காக இதைத் தருகிறோம். திருச்சியிலிருந்து நேரடி விமானம் கிடையாது. சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூரில் மாற வேண்டும்.

அந்நாடு இந்தியாவைப் போல் இரு மடங்குக்கும் மேல் பரந்தது. பெர்த்திலிருந்து சிட்னிக்கே சுமார் 3,300 கி.மீ. பத்து நாளில் எல்லா ஊரையும் பார்க்கக் கிளம்பினால் விமான நிலையங்களைத்தான் பார்க்க முடியும். இங்கே கத்திரி வெயில் கொளுத்தும் மே மாதத்தில் மெல்போர்னில் குளிர் தொடங்கிவிடும். வடக்கே டார்வினில் மழை ஓய்ந்திருக்கும். மே விடுமுறைக்கு வடபகுதியே ஏற்றது என்போம்.

தொழுகை விஷயத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். டிசம்பரில் மெல்போர்னில் மஃரிப் எட்டரை மணியளவில். இஷா பத்தைத் தாண்டும். கஸ்ரு செய்ய, ஓரிடத்தில் தங்கும் நாட்கணக்கு ஷாஃபிஈ மத்ஹபில் 4, ஹனஃபியில் 15. மகன், மகள் வீட்டில் மாதக்கணக்கில் தங்குவோர் புறப்படும் முன்பே ஆலிமிடம் தெளிவு பெறுங்கள்.

அடிலெய்டு சென்றால் அங்குள்ள பழைய பள்ளிவாசலில் அவசியம் தொழுதுவாருங்கள். 1880களின் இறுதியில், ஒட்டகம் ஓட்ட வந்த 'ஆப்கானியர்' எழுப்பியது. அவர்களில் பலர் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து போனவர்கள். அடிலெய்டு–டார்வின் ரயிலுக்கு 'கான்' என்று பெயர் வந்ததும் அவர்களால்தான்.